பல வருஷம் நின்ற பைக்கில் முதலில் கிக்கரைத் தொடாதீர்கள்

இருபது, முப்பது வருஷம் ஓடாமல் நின்ற பைக்கை எடுத்ததும் கிக்கரை உதைக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து 15 மில்லி அளவுக்கு சிலிண்டருக்குள் விடுங்கள். இரண்டு நாள் ஊறட்டும். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள்.

இத்தனை காலத்தில் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். காலால் உதைக்கிற அடி ஒரே வீச்சில் இறங்கும்; ரிங் உடையலாம், சிலிண்டரில் கோடு விழலாம், கிக்கர் பல்லும் போகலாம். கையால் அசைக்கும்போது எங்கே இறுகுகிறது என்று விரலுக்கே தெரியும். இறுகினால் அங்கேயே நிறுத்தி, இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். அவசரம் மட்டும் கூடவே கூடாது.

சுலபமாகச் சுற்ற ஆரம்பித்த பிறகும் பிளக்கை உடனே மாட்டாதீர்கள். பிளக் துளைமேல் துணியைப் போட்டு நாலைந்து சுற்று சுற்றினால் மிச்ச ஆயில் வெளியே தெறித்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் டீசல் ரிங் வழியாகக் கீழே கசிந்து இன்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்திருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் புது ஆயில் மாற்றியே ஆக வேண்டும்.

பிளக் துளையில் டார்ச் அடித்துப் பார்த்து, சுவரில் செதில் செதிலாகத் துருவோ தண்ணீர் நின்ற தடமோ தெரிந்தால் இந்த வழி உதவாது. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.