சேலம்: பெயர் ஒன்று, வேர் வேறு

அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது என்று தெரிந்ததும் நம்மவர்கள் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். இங்கிருந்து கப்பலேறிப் போன யாரோ வைத்த பெயர் என்பது ஒரு கதை. வெள்ளைக்காரன்தான் நம்மூருக்கு அந்தப் பெயரை வைத்தான் என்பது இன்னொரு கதை. இரண்டும் தவறு.

அமெரிக்கச் சேலங்களின் பெயர் பைபிளிலிருந்து வந்தது. ஆதியாகமம் 14-ஆம் அதிகாரத்தில் மெல்கிசேதேக்கு என்ற ராஜா வருகிறார். அவருடைய ஊர் சாலேம். அதை எருசலேம் என்றே கொள்வது நெடுநாள் மரபு. சமாதானத்தைக் குறிக்கும் 'ஷாலோம்' என்ற எபிரேயச் சொல்லோடு சேர்த்துத்தான் அந்தப் பெயரைப் புரிந்துகொள்கிறார்கள்.

நம்மூர்ப் பெயருக்குச் சொல்லப்படும் காரணமோ மலை. சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலைகள். மலையைக் குறிக்கும் 'சைலம்' சேலமாயிற்று என்பது பரவலான விளக்கம். ஸ்ரீசைலத்தில் இருக்கும் அதே சைலம். சேரநாட்டோடு சேர்த்து 'சேரலம்' என்பவர்களும் உண்டு. எதுவானாலும் எருசலேமுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1792-இல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு வந்தபோதே ஊரும் இருந்தது, பேரும் இருந்தது. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றாகிப்போனது தற்செயல்.

சேலை நெய்ததால் சேலம் என்பது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் என்ன பெயர் வைத்திருக்க வேண்டும்?

அமெரிக்காவில் இருப்பவை எல்லாம் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தின் கிளைகள் என்று எண்ணுவதும் பிழை. வட கரோலினாவில் 1766-இல் மொராவியக் கிறிஸ்தவர்கள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் தனியாக ஒரு சேலத்தை உருவாக்கினார்கள். அது 1913-இல் பக்கத்து ஊரான வின்ஸ்டனோடு இணைந்து வின்ஸ்டன்-சேலம் ஆனது. ஓரிகன் மாநிலத் தலைநகரான சேலம், மெதடிஸ்ட் மிஷனரிகள் வழியாக வந்த ஊர். ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகே உள்ள சேலம் இன்னும் சுவாரசியம். ஊரின் பழைய பெயர் சால்மன்ஸ்வைலர். 12-ஆம் நூற்றாண்டில் அங்கே மடம் கட்டிய துறவிகள், அந்த ஒலிக்கு நெருக்கமான பைபிள் பெயரைத் தங்கள் மடத்துக்குச் சூட்டிக்கொண்டார்கள். அங்கே ஒரே ஊரில் இரண்டு வேர்கள் கலந்து கிடக்கின்றன.

அதிகம் பேர் சறுக்குவது மாசசூசெட்ஸ் சேலத்தில், சூனியம் வைத்ததாகப் பலர்மேல் குற்றம் சாட்டிய 1692 வழக்குகளில். அவை முழுக்க இன்றைய சேலம் நகரத்தில் நடந்தன என்று நினைத்துப் பயணிகள் அங்கே குவிகிறார்கள். விசாரணை மன்றம் கூடியதும் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டதும் அங்கேதான். ஆனால் குற்றச்சாட்டுகள் கிளம்பியது சேலம் கிராமம் எனப்பட்ட தனிப் பகுதியில். அந்தக் கிராமம் 1752-இல் பிரிந்தது. இன்று அதன் பெயர் டான்வர்ஸ். ஆகவே பழைய ஆவணத்தில் சேலம் என்று பார்த்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1752-க்கு முந்தியது என்றால், அதில் சொல்லப்படும் இடம் இன்றைய டான்வர்ஸில் இருக்கக்கூடும்.