மலையில கடை போடப் போறீங்களா? நாங்க பண்ண தப்பை நீங்களும் பண்ணாதீங்க

கோத்தகிரில சித்தப்பாவோட சேர்ந்து சின்னதா ஒரு கடை நடத்துறேன், டீத்தூள், மசாலா, சாக்லேட், தைலம் இதான் சரக்கு. தொழில் பண்ண தைரியம் வேணும்னு ஆளாளுக்கு அட்வைஸ் பண்ணுவாங்க, எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. காட்டெருமை நிக்கிற வழியில விடியக்காலைல தேயிலை பறிக்கப் போற சனத்துக்கு தைரியத்துல என்னங்க குறை? நாங்க விழுந்தது வேற இடத்துல.

பெரிய தப்பு, பயத்துல எதையுமே எழுத்துல வைக்காம இருந்தது. எங்க தாத்தா சிலோன்ல இருந்து வந்தவர், அங்கிருந்த தோட்டத் தமிழர்கள்ல ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப வச்ச 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல தலைமன்னார்ல கப்பலேறி மண்டபம் கேம்ப் வழியா நீலகிரிக்கு வந்து டான்டீங்கிற அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்தாரு. அவருக்கு எங்கயாவது பேரைப் பதியறதுன்னாலே ஆகாது. அந்தப் பயத்தைத் தப்புன்னு சொல்ல முடியாது, 1983 ஜூலைல கொழும்புல வாக்காளர் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு தமிழர் வீடு எது கடை எதுன்னு பார்த்து எரிச்சாங்க. அந்த மாதிரி ஊர்ல போர்டு மாட்டுனவன்தான் முதல்ல மாட்டுவான், காசை நகையாக்கி இடுப்புல கட்டுனவன் பொழைப்பான். சண்டை ஓயாத நாடுகள்ல சின்ன வியாபாரி பல பேர் கடைசி வரைக்கும் சின்னதாவே நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம், கொஞ்சம் பெருசாத் தெரிஞ்சாலே துப்பாக்கியோட வசூலுக்கு வந்துருவான்.

ஆனா அங்க உயிரைக் காப்பாத்துன புத்தியை அப்படியே இங்க கொண்டு வந்தா கடை காலி. சித்தப்பா அதான் பண்ணாரு. பில் கிடையாது, உத்யம்ங்கிற சிறுதொழில் அரசுப் பதிவு கிடையாது (அதுக்கு ஒத்த ரூபா கட்டணம் இல்ல), பேங்க் பக்கமே போகாம மீட்டர் வட்டிக்கு வாங்கி சரக்கு போட்டாரு. 2020 மார்ச்ல ஊரடங்கு, சீசனே போச்சு. பேங்க்ல கடன் வாங்குனவங்களுக்கு ரிசர்வ் பேங்க் சொன்னபடி ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளிப்போட வழி இருந்துச்சு, வட்டி ஓடுச்சுதான், ஆனாலும் யாரும் வாசல்ல வந்து நிக்கல. எங்களுக்கு மீட்டர் ஒரு நாள் கூட நிக்கல. அந்த ஜூன்ல தள்ளுவண்டிக்காரங்களுக்கு ஸ்வநிதிங்கிற மத்திய அரசுத் திட்டத்துல 10,000 ரூபா கடன் வந்தப்பவும் வியாபாரி அட்டை வச்சிருந்தவங்க டக்குனு வாங்கிட்டாங்க, இல்லாதவங்க சிபாரிசுக் கடிதத்துக்கு அலைஞ்சாங்க.

அடுத்து சீசன் கணக்கு. மே மாசக் கூட்டத்தைப் பார்த்துட்டு ஊட்டில அட்வான்ஸ் குடுக்குறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கும். 2024 மே மாசம் மலைக்கு வர்ற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதில 8,000தான்னு ஐகோர்ட் உத்தரவு போட்டுச்சு, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. காட்டுக்கும் தண்ணிக்கும் அது தேவைதான்னு நான் நினைக்கிறேன், சங்கத்துல சொன்னா அடிக்க வருவாங்க. நீங்க வாடகை பேசறதுக்கு முன்னாடி ஜூலை மழைல பக்கத்துக் கடைல ஒரு நாள் உக்காந்து எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணுங்க, அந்த வியாபாரத்துல வாடகை வருதான்னு பாருங்க.

இடம் வாங்குறதுன்னா இன்னும் உஷார். கூடலூர் பக்கம் ஜென்மிங்கிற பழைய நிலக்கிழார் உரிமையை ஒழிக்க வந்த 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்துல செக்‌ஷன் 17 நிலம்னு கிடக்கு, பட்டா கிடைக்காது, கரண்ட் கனெக்‌ஷனுக்கே படாதபாடு, அதை அடமானமா வச்சு எந்த பேங்க் கடன் தரும்? விலை கம்மின்னு சொல்றப்பவே புரிஞ்சுக்கணும்.

ரோடும் அப்படித்தான். 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவங்க இங்க யாரும் ஒரே ரூட்டை நம்பி கெட்டுப்போற சரக்கு இறக்க மாட்டாங்க. மைசூர்ல இருந்து வரவைக்கிறீங்கன்னா பந்திப்பூர்ல ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் வண்டி விடமாட்டாங்க, டிரைவர்கிட்ட முன்னாடியே பேசிக்கோங்க.

சித்தப்பா இப்ப உத்யம் போட்டாச்சு, பில் புக் அடிச்சாச்சு, கியூஆர் அட்டையும் கல்லா மேல ஒட்டியாச்சு. ஆனா அதுல வர்ற காசை தினம் சாயங்காலம் ஏடிஎம்ல எடுத்துட்டு வந்து பிஸ்கட் டின்னுல போட்டுட்டுதான் ஷட்டரை இறக்குவாரு.