ஏடிஓ வழியாகச் சுண்ணாம்பு நீர்: பவளத் தொட்டிக்குக் கால்க்வாசர் கொடுப்பது எப்படி

தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாய் வைத்து ஊதினால் அது பால்போல மாறும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த நீர்தான் கால்க்வாசர். ஜெர்மன் மொழியில் கால்க் என்றால் சுண்ணாம்பு, வாசர் என்றால் தண்ணீர். கால்சியம் ஹைட்ராக்சைடு பவுடரைத் தூய நீரில் கரைத்தால் கிடைத்துவிடும். கல் பவளங்கள் தங்கள் எலும்புக்கூட்டைக் கட்டும்போது கால்சியத்தையும் காரத்தன்மையையும் (அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் திறன்) எந்த விகிதத்தில் எடுக்கின்றனவோ, கிட்டத்தட்ட அதே விகிதத்தில் இது இரண்டையும் திருப்பித் தருகிறது. கூடவே பிஎச்சையும் உயர்த்துகிறது.

தொட்டியில் ஆவியாகும் நீரை ஏடிஓ (ஆட்டோ டாப் ஆஃப், நீர்மட்டம் இறங்கியதும் ஒரு வாளியிலிருந்து தானாக நீர் நிரப்பும் அமைப்பு) எப்படியும் தினமும் நிரப்புகிறது. அந்த நீரிலேயே சுண்ணாம்பைக் கரைத்துவிட்டால் தனி டோசிங் கருவி வேண்டாம். ஆனால் ஒன்றைத் தொடக்கத்திலேயே மனதில் வையுங்கள். நீர்மட்டத்தைக் கவனிக்கும் மிதவை சுவிட்ச் சிக்கிக்கொண்டு வெறும் தண்ணீர் சில லிட்டர் கூடுதலாக விழுந்தால் உப்பு அளவு கொஞ்சம் இறங்கும், சரிசெய்துவிடலாம். சுண்ணாம்பு நீர் அப்படி விழுந்தால் ஒரே இரவில் தொட்டியே போய்விடும். நிறைவுற்ற கரைசலின் பிஎச் சுமார் 12.4. ஆகவே கலவையைவிட பம்பிலும் சுவிட்சிலும்தான் உங்கள் கவனம் அதிகம் இருக்க வேண்டும்.

முதலில் இரண்டு அளவுகள்

ஒன்று, தினமும் எவ்வளவு நீர் ஆவியாகிறது. ஏடிஓ வாளியில் ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் பாருங்கள். இரண்டு, தொட்டி தினமும் எவ்வளவு காரத்தன்மையைச் செலவழிக்கிறது. வேறு எந்தச் சேர்மமும் போடாமல், தினமும் ஒரே நேரத்தில் மூன்று நான்கு நாட்கள் டெஸ்ட் கிட்டில் அளந்தால் தெரிந்துவிடும். பவளம் இன்னும் வைக்காத புதுத் தொட்டியில் செலவு மிகக் குறைவாகவே இருக்கும். அதற்குக் கால்க்வாசர் இப்போதைக்குத் தேவையில்லை.

இனி கணக்கு. 100 லிட்டர் தொட்டி நீரில் 1 கிராம் பவுடர் சேர்ந்தால் காரத்தன்மை ஏறத்தாழ 0.75 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) சொச்சம் ஏறும். பாறையும் மணலும் போக 200 லிட்டர் நீர் இருக்கிறது, தினமும் 3 லிட்டர் ஆவியாகிறது, 0.8 டிகேஎச் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2.1 கிராம். அதை 3 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 0.7 கிராம் வருகிறது. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டரில் சுமார் 1.5 கிராம்தான் கரையும். உங்கள் கணக்கு அதைத் தாண்டினால், மீதியை வேறு வழியில்தான் ஈடுகட்ட வேண்டும். கூடுதல் பவுடர் போட்டால் அது அடியில் வண்டலாகக் கிடக்கும்.

பம்பும் குழாயும்

உருளைகளால் குழாயை அழுத்தி நீரை மெல்லத் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்பு வாங்குங்கள். வேகமாகத் தள்ளும் சாதாரணச் சிறு பம்பை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நிமிடத்துக்கு 50 மில்லி போதும். பம்பின் மின்சாரத்தை ஒரு டைமர் வழியாகக் கொடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை, மணிக்கு 15 நிமிடம் மட்டும். அப்படியானால் மிதவை சுவிட்ச் முழுதாகப் பழுதானாலும் ஒரு இரவில் 6 லிட்டருக்கு மேல் போக வழியில்லை. மேலே சொன்ன தொட்டியில் அது 1.6 டிகேஎச் ஏற்றம். நல்லதல்ல, ஆனால் பவளங்கள் பிழைக்க வாய்ப்பு உண்டு. இரவைத் தேர்ந்தெடுக்கக் காரணம், விளக்கு அணைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்று, கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கும். அந்த நேரத்தில் சுண்ணாம்பு நீர் விழுவது தொட்டிக்கு நல்லது.

எனக்கு இந்தப் பாடம் ஒரு நத்தையால் வந்தது. சம்ப்புக்குள் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) இறங்கிய நத்தை மிதவையின் அடியில் ஒட்டிக்கொண்டு அதை மேலே எழவிடாமல் பிடித்துவிட்டது. காலையில் பார்த்தால் தொட்டி முழுக்க வெள்ளைப் புகை. இரண்டு பவளங்கள் போயின. இன்றும் அதை நினைத்தால் வருத்தம்தான். அன்றிலிருந்து மிதவையைச் சுற்றி ஒரு வலைக்கூடு, சற்று மேலே இரண்டாவதாக ஒரு சுவிட்ச், மூன்று நாள் தேவைக்கு மேல் கொள்ளாத வாளி. இந்த மூன்றும் இல்லாமல் நான் பம்பை இயக்குவதில்லை.

குழாயின் நுனி சம்ப் நீரைத் தொடக்கூடாது. நீருக்கு மேலே நின்று, ஓட்டம் பலமாக உள்ள இடத்தில் சொட்ட வேண்டும். நுனி மூழ்கியிருந்தால் அங்கேயே படிவு கட்டி அடைத்துக்கொள்ளும். சம்ப் நீர் வாளிக்குத் திரும்பவும் கூடும். வாளியின் நீர்மட்டம் குழாய் நுனியைவிடத் தாழ்வாக இருப்பது நல்லது. இல்லையென்றால் பம்பு நின்றபிறகும் நீர் தானாக வடிந்துகொண்டே இருக்கலாம். வாளிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயை அடியிலிருந்து சில சென்டிமீட்டர் மேலே நிறுத்துங்கள்.

கலக்குதல்

கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். பவுடர் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஏடிஓவை அணைத்துவிட்டு, வாளியில் ஆர்ஓ டிஐ நீரை (வடிகட்டி உப்புகளை நீக்கிய தூய நீர்) ஊற்றி, அதன்மேல் எடைபோட்ட பவுடரைத் தூவி ஒரு நிமிடம் கிளறினால் போதும். மூடிவைத்து, நான்கைந்து மணி நேரம் தெளியவிட்ட பிறகு ஏடிஓவைத் திரும்பப் போடுங்கள். வாளிக்குள் காற்றுக்கல்லோ ஓயாமல் சுழலும் பம்போ வேண்டாம். காற்றிலுள்ள கரியமில வாயு பட்டால் சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிந்து வீணாகும். மேலே மெல்லிய ஆடை கட்டுவது இயல்பு, உடைக்காமல் விடுங்கள். அடிவண்டலில் பவுடரின் கசடுகளும் தங்கும் என்பதால் அதைத் தொட்டிக்கு அனுப்பக்கூடாது.

மெல்லத் தொடங்குங்கள்

கணக்கில் வந்த அளவில் கால் பங்கு மட்டும் முதல் வாரம். காலையிலும் மாலையிலும் பிஎச், தினமும் ஒருமுறை காரத்தன்மை. பிஎச் 8.5-ஐத் தாண்டாமல் இருந்தால் அடுத்த வாரம் பாதி, அப்புறம் முக்கால் என்று ஏற்றுங்கள். காரத்தன்மை 7 முதல் 11 டிகேஎச்சுக்குள் ஓரிடத்தில் நிலையாக நின்றால் அதுதான் உங்கள் அளவு. மக்னீசியத்தைக் கால்க்வாசர் தராது, மாதம் ஒருமுறை அதைத் தனியாகப் பாருங்கள்.

நீர் வெண்மையாகக் கலங்கினால் முதலில் ஏடிஓ பிளக்கைப் பிடுங்குங்கள். அலை பம்புகளை மேற்பரப்பு நோக்கித் திருப்பி, ஸ்கிம்மரை (நுரையோடு கழிவை நீக்கும் கருவி) ஓடவிட்டு, ஜன்னல்களைத் திறவுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயு பிஎச்சை மெல்ல இறக்கும். காரத்தன்மை இறங்கிப்போயிருந்தால் அன்றே ஏற்ற முயல வேண்டாம், ஓரிரு நாட்கள் கழித்துச் சிறிது சிறிதாக.

மாதம் ஒருமுறை குழாயையும் மிதவையையும் வினிகரில் ஊறவைத்துப் படிவைக் கரைத்து, நன்றாகக் கழுவிப் பொருத்துங்கள். ஈரப்பதமான நாட்களில் ஆவியாதல் குறையும், வறண்ட நாட்களில் கூடும். இரண்டிலும் சுண்ணாம்பின் அளவு உங்களைக் கேட்காமலே மாறிவிடும். பருவம் மாறும் வாரத்தில் வாளியின் கோட்டைத் திரும்பப் பார்த்து, லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதைப் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.