வடிகட்டி வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

குழாயைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மருந்து நெடி குளோரினுடையது. கிருமிகளைக் கொல்ல அது தேவைதான். ஆனால் குடிக்கும் குவளையில் யாருக்கும் பிடிப்பதில்லை. சாதாரணக் கார்பன் வடிகட்டியே அந்த நெடியைப் போக்கிவிடும்.

என்னைக் கேட்டால், பெரிய கவலை ஈயம். பழைய குழாய்களிலிருந்தும் பற்றவைத்த இணைப்புகளிலிருந்தும் கரைந்து வரும். நிறமில்லை, மணமில்லை, சுவையும் காட்டிக்கொடுக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவே லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது, நீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆகவே ஈயத்தை நீக்குவதாகச் சான்று பெற்ற வடிகட்டியையே வாங்குங்கள்.

கரைந்த உப்பு, நைட்ரேட், புளோரைடு அதிகமென்றால் கார்பன் கைகொடுக்காது, நுண்ணிய சவ்வின் வழியே நீரை அழுத்தித் தள்ளி வடிகட்டும் ஆர்.ஓ. வேண்டும். நல்ல தண்ணீருக்கு ஆர்.ஓ. மாட்டுவது வீண் செலவு. ஒரு பகுதி நீர் கழிவாக ஓடுவதைப் பார்க்கவே மனம் வராது. புற ஊதா விளக்கு கிருமிகளுக்கு மட்டும், அதுவும் நீர் தெளிவாக இருந்தால். எதையும் வாங்கும் முன் ஒருமுறை நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

வடிகட்டிக்குள் மாட்டும் கார்ட்ரிட்ஜை மாற்றும் நாளை அதன் மீதே எழுதி ஒட்டுங்கள். நான் மறந்து, வழவழப்பாகிப் போனதை ஒருநாள் திறந்து பார்த்தேன். குளோரின் நீங்கிய நீரில் கிருமிகள் எளிதில் பெருகும் என்பதால், வடிகட்டியதை மூடிவைத்து, அன்றன்றே குடித்துவிடுங்கள்.