பிளாஸ்டிக் கிட்டில் ரயில் பெட்டி: ஒட்டிய அன்று தெரியாத தவறுகள்

கடந்த ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை சற்று ஓய்ந்த நேரத்தில் கண்ணாடி அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில், பாகங்களாக வரும் பிளாஸ்டிக் கிட்டை ஒட்டி நான் செய்த மாதிரி ரயில் பெட்டி ஒன்று, நான்கு சக்கரப் பெட்டி, நின்றது. அதன் தரை பிள்ளைத்தாச்சி வயிறு போல உப்பியிருந்தது. பக்கச் சுவர் ஒன்று மூட்டிலிருந்து பிளந்து நின்றது. யாரும் அதைத் தொடவில்லை, கீழே போடவும் இல்லை. ஒட்டி முடித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எடைக்காக உள்ளே போட்ட ஈயக் குண்டுகளும், அவற்றைப் பிடித்து வைக்க நான் தாராளமாக ஊற்றிய வெள்ளைத் தச்சுப் பசையும் அத்தனை நாளும் இருட்டில் தங்கள் வேலையைப் பார்த்திருக்கின்றன. அந்தப் பசையிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை மெல்ல அரிக்கும். ஈயம் வெண்ணிறக் கார்பனேட்டாக மாறும்போது அதன் பருமன் கூடும். மூடிய அறையில் போக்கிடம் இல்லாததால் அது பிளாஸ்டிக்கைத் தள்ளும். மும்பையின் ஈரக் காற்று இதற்கெல்லாம் கூடுதல் ஒத்தாசை.

கோணல் மூட்டு, பசைக் கறை, விரல் ரேகை போன்ற தவறுகள் அன்றே கண்ணில் பட்டுவிடும். நம்மை நாமே திட்டிக்கொண்டு சரிசெய்துவிடலாம். எனக்குப் பயம் தருபவை ஒட்டிய அன்று ஒன்றுமே தெரியாமல், பின்னொரு நாள் தலைகாட்டுபவை. சரக்கு வேகன்களைக் கட்டிப் பழகியவர்கள் பயணிகள் பெட்டியில் சறுக்குவதும் பெரும்பாலும் இவற்றால்தான். வேகன் குட்டையானது, அழுக்கும் துருவும் பூசினால் அதன் குறைகள்கூட அழகாகிவிடும். பெட்டியோ நீளமானது. நேர்க்கோட்டில் ஜன்னல் வரிசை, நேர்க்கோட்டில் கூரை விளிம்பு, பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு பெட்டி. அரை மில்லிமீட்டர் வளைவையும் அந்த வரிசை காட்டிக்கொடுத்துவிடும்.

பாகங்களை, அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிடுங்காதீர்கள், நறுக்கியபின் அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்து எடுங்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். கழுவச் சொல்வதைத்தான் பலர் காதில் வாங்குவதில்லை. அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழன்று வரப் பூசும் எண்ணெய்ப் பசை பாகங்களின் மேல் மிச்சம் இருக்கும். அதன்மேல் அடித்த வண்ணம் அன்று பளபளவென்று இருக்கும். சில மாதங்கள் கழித்து மறைப்பு டேப்பை ஒட்டி எடுக்கும்போது டேப்போடு வந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். அடியில் ஒரு சல்லடையை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒரு பஃபரை, அதாவது பெட்டி முனையில் மோதலைத் தாங்கும் குமிழை, விழுங்கியிருக்கிறது.

பிளாஸ்டிக் கிட்டுக்கான திரவப் பசை சாதாரணப் பசைபோல நடுவில் நின்று இரண்டு பாகங்களைப் பிடித்துக்கொள்வதில்லை. கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒன்றோடொன்று கலக்க வைக்கிறது. ஆகவே பாகத்தில் பசையைத் தடவிவிட்டுப் பொருத்துவது தவறான வரிசை. இரண்டையும் உலர்ந்த நிலையிலேயே சேர்த்துப் பிடித்து, மூட்டின் ஓரத்தில் தூரிகை நுனியால் தொட்டால் போதும். திரவம் தானே இடுக்குக்குள் ஓடிவிடும். கூடுதலாக விட்டால் உறுதி கூடாது. மிஞ்சிய திரவம் பிளாஸ்டிக்குக்குள் ஊறி, வாரக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கூரையையும் தரையையும் உடனே மூடிவிட்டால் அந்த ஆவி உள்ளேயே அடைபட்டுச் சுவரை இளக்கும். அடுத்த மாதம் பார்த்தால் பெட்டியின் இடுப்பு உள்வாங்கியிருக்கும். இரண்டு தகடுகளை முகத்தோடு முகம் ஒட்டும் இடங்களில் இது இன்னும் மோசம்.

இதற்கு நான் செய்வது மூன்று. தரையில், வெளியே தெரியாத இடங்களில் இரண்டு மில்லிமீட்டர் துளைகள் நாலைந்து போட்டுவிடுவேன். நீளச் சுவர்களுக்கு நடுவே அறைத் தடுப்புகள் கிட்டில் இல்லாவிட்டாலும் பிளாஸ்டிக் துண்டுகளைக் குறுக்கே வைத்துவிடுவேன். ஒட்டிய உடலைக் கூரையில்லாமல் குறைந்தது ஒரு வாரம் விட்டுவைப்பேன். அவசரத்துக்குத் தலைமுடி உலர்த்தும் கருவியைக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய கூரை அப்பளம்போல நெளிந்ததையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: மழைக்காலத்தில் எல்லா ஜன்னல்களையும் அடைத்துவிட்டு இந்தத் திரவத்தோடு உட்கார்ந்தால் முதலில் வளைவது பெட்டியாக இருக்காது, நம் தலையாக இருக்கும். ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும்.

உடலைச் சதுரமாக நிறுத்துவதற்கு, ஒரு பக்கச் சுவரையும் ஒரு முனைச் சுவரையும் கண்ணாடித் தகட்டின்மேல் மூலைமட்டத்தை வைத்து ஒட்டுங்கள். அதேபோல் இன்னொரு ஜோடி. இரண்டும் இறுகிய பிறகு ஒன்றாகச் சேருங்கள். நான்கையும் ஒரே மூச்சில் நிறுத்தப் பார்த்தால் நான்கும் நான்கு திசையில் பேசும்.

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மாட்டுங்கா ரயில் பணிமனையிடமிருந்தே ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். 1930 ஜூன் 1ஆம் தேதி மும்பைக்கும் புனேவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய டெக்கான் குயின் ரயிலின் முதல் பெட்டிகளுக்கு அடிச்சட்டம் இங்கிலாந்தில் உருவானது; மேலுடலைக் கட்டியது ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வேயின் இதே மாட்டுங்கா பணிமனை. சட்டம் வேறு, உடல் வேறு. பின்னாளில் பெரம்பூர் ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) கட்டிய பெட்டிகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இன்டெக்ரல் என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. மாதிரி செய்பவர்களுக்கோ பழைய முறையே பாதுகாப்பு. அடிச்சட்டம், உடல், கூரை மூன்றும் தனித்தனியாகக் கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். உடலையும் தரையையும் இரண்டு சிறு திருகாணிகளால் பிணையுங்கள். உள்ளே ஓர் இருக்கை கழன்று உருண்டால், அல்லது ஜன்னல் தகடு விழுந்தால், பெட்டியை உடைக்காமல் கையை விட வழி வேண்டும். என் உப்பிய பெட்டியில் அந்த வழி இல்லை.

ஜன்னல்களில் நடப்பதும் இதே கதைதான். சட்டென்று ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையால் ஜன்னல் தகட்டை ஒட்டினால், அதன் ஆவி தகட்டின்மேல் வெண்பனிபோலப் படியும். மூடிய பெட்டிக்குள் கைப்பிடிக் கம்பியை அந்தப் பசையால் ஒட்டினாலும் போதும், ஜன்னல் மங்கிவிடும். துடைக்கவும் முடியாது. பிளாஸ்டிக் திரவப் பசை பட்டால் தெளிவான தகட்டில் மயிரிழை விரிசல்கள் விழும். ஜன்னலுக்கு வெள்ளைப் பசையில் சிறு பொட்டு போதும். ஈயத்துக்கு ஆகாத அந்தப் பசை இங்கே நல்ல பிள்ளை. தகட்டைக் கடைசியில்தான் வைக்க வேண்டும், வண்ணமும் வார்னிஷும் முடிந்த பிறகு. அதற்கு முன் ஜன்னல் திறப்பின் உள்விளிம்புக்கு வண்ணம் அடித்தீர்களா என்று பாருங்கள். வெளிப்பக்கம் அழகாக அடித்துவிட்டு அந்த ஒரு மில்லிமீட்டர் தடிமனை வெள்ளையாகவே விட்டுவிட்டால், அலமாரி விளக்கின் கீழ் ஒவ்வொரு ஜன்னலும் வெண்பட்டை கட்டி நிற்கும். சுவர்களைச் சேர்ப்பதற்கு முன்பே, தட்டையாகக் கிடத்தி வண்ணம் அடிப்பது எளிது; ஒட்டும் விளிம்புகளில் மட்டும் வண்ணம் படக்கூடாது.

வண்ணத்துக்கு மும்பையில் காலம் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் நறுக்குவேன், தேய்ப்பேன், ஒட்டுவேன். தெளிப்பான் பக்கம் போகமாட்டேன். ஈரக் காற்றில் தெளித்த வார்னிஷ் பால் விட்டதுபோல வெளுத்துவிடும், மங்கல் வார்னிஷ் இன்னும் அதிகமாக. தீபாவளிக்குப் பிறகு வரும் வறண்ட நாட்களுக்காக மூன்று பெட்டிகள் எப்போதும் காத்திருக்கும். நிறத்தைப் பொறுத்தவரை, நிஜப் பெட்டியின் வண்ணத்தை அப்படியே எடுத்துச் சிறிய பெட்டிக்கு அடித்தால் அது கறுத்துத் தெரியும். கொஞ்சம் வெளுப்புக் கலக்க வேண்டும். அடிச்சட்டத்துக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம், பழுப்பு கலந்த கருஞ்சாம்பல் போதும். ஒட்டுப்படங்களாக வரும் எழுத்துகளையும் எண்களையும் நீரில் ஊறவைத்து ஒட்டும்முன் அந்த இடத்துக்குப் பளபளப்பு வார்னிஷ் கொடுங்கள். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளியாக மின்னும்.

அடுத்தது போகி. மும்பையில் முழுப் பெட்டியையே போகி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொல்வது அடியில் சக்கரங்களைத் தாங்கும் வண்டிச் சட்டத்தை. இரண்டு போகிகளையும் ஆடாமல் அசையாமல் இறுக்கிவிடுவது பலர் செய்யும் தவறு. மேசைமேல் பெட்டி கம்பீரமாக நிற்கும். தண்டவாளத்தில் சிறு ஏற்ற இறக்கம் வந்ததும் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கி, தண்டவாளம் பிரியும் முதல் பாயிண்டிலேயே தடம் புரளும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு போகி திரும்பவும் முன்பின் சாயவும் மட்டும் செய்யட்டும். மற்றது பக்கவாட்டிலும் சாயட்டும். சக்கர அச்சின் முனைகள் சுழலும் பித்தளைத் தாங்கிகளைப் பதிக்கும் துளை ஆழம் குறைந்தால் போகியின் பக்கங்கள் வெளியே விரியும், அச்சு இறுகும். ஊசிமுனை அச்சுகளின் நீளமும் ஒன்றுபோல இருக்காது. பிரிட்டிஷ் கிட்டுகளுக்குப் பெரும்பாலும் 26 மில்லிமீட்டர். வேறு இடத்தில் வாங்கிய சக்கரத்தை அளக்காமல் மாட்டாதீர்கள்.

எடை குறைந்தால் வளைவில் பெட்டி உள்பக்கம் இழுபட்டுக் கவிழும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் எச்.ஓ. அளவுக்கு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்குக்கு, சொல்லும் கணக்கு, அடிப்படையாக ஓர் அவுன்ஸ், பிறகு அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். 21.3 மீட்டர் நீள ஐ.சி.எஃப். பெட்டி அந்த அளவில் 245 மில்லிமீட்டர் வரும். எடை சுமார் 165 கிராம். இரும்பு நட்டுகளைத் தரையோடு, போகிகளின் மேலாக, இரண்டு குழாயில் வரும் எபாக்ஸி பசையால் ஒட்டுங்கள். கூரைக்கு அருகில் எடை வேண்டாம்.

அதே 245 மில்லிமீட்டர் பெட்டியை 438 மில்லிமீட்டர் ஆரமுள்ள பொம்மை வளைவில் விட்டால், நடுப்பகுதி உள்பக்கம் எட்டு மில்லிமீட்டரும், முனைகள் வெளிப்பக்கம் ஏறக்குறைய ஒன்பதும் துருத்தும். பெட்டியின் அகலமே 37தான். படிக்கட்டும் பாட்டரிப் பெட்டியும் ஒட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் அழுகைதான். போகி திரும்பும் இடத்தை அட்டையில் வெட்டிப் பார்த்துவிட்டு நுணுக்க வேலைக்குப் போங்கள். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர்; இந்த அளவில் அது சுமார் 19 ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. இந்தியப் பெட்டியை அதில் நிறுத்தினால் முன்னாலிருந்து பார்க்கும்போது கால்களைச் சேர்த்து நிற்பதுபோல இருக்கும். நான் அதோடு சமாதானம் செய்துகொண்டேன்.

நுணுக்க வேலையில் என் மானத்தை வாங்கியவர் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி மாமா. பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வார்ப்பிலேயே வந்த தட்டையான கைப்பிடிகளைச் செதுக்கி எடுத்துவிட்டு, மும்பையின் மின்பொருள் சந்தையான லோஹார் சாலில் வாங்கிய மின்வயரின் செம்பு இழைகளால் புதியவை செய்திருந்தேன். பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கைப்பிடிகளைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத் திருப்பி, மறுபடி திருப்பி, "அடியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதே, எந்த ஊரில் இப்படிக் கட்டினார்கள்?" என்றார். ஒரு பக்கத்துப் படத்தை மட்டும் பார்த்து, அதையே இரண்டு பக்கமும் செய்திருக்கிறேன். ஒரு பக்கமாகத் தாழ்வாரம், அதாவது நடைவழி, உள்ள பெட்டியில் இரு பக்க ஜன்னல்களும் ஒன்றல்ல. கழிப்பறைக்கு மங்கல் கண்ணாடி. அடியில் டைனமோ, பாட்டரி, சிலிண்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. கிட்டின் வழிகாட்டித் தாளை மட்டும் நம்பாமல் இரு பக்கப் புகைப்படமும், முடிந்தால் கூரையின் படமும் தேடிவிட்டுத் தொடங்குங்கள்.

உப்பிய பெட்டியின் தரையை ரம்பத்தால் அறுத்தெடுத்தேன். வெண்பொடியாகிப்போன ஈயத்தை, கையுறையும் முகக்கவசமும் அணிந்து ஈரத்துணியால் துடைத்து அப்புறப்படுத்தி, புதுத் தரை வைத்து நட்டுகளை ஒட்டித் திருகாணி போட்டேன். பக்கச் சுவரில் தழும்பு ஒன்று இருக்கிறது. மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பி.ஓ.எச். முடிந்ததா? சரி, ரிட்டர்ன் தேதி எங்கே?" என்றார். பணிமனையில் பி.ஓ.எச். என்னும் முழுப் பராமரிப்பு முடிந்து வெளியேறும் பெட்டியின் முனையில், அது அடுத்து எப்போது திரும்பி வர வேண்டும் என்று எழுதிவிடுவார்கள். அன்று மாலை மெல்லிய தூரிகையால் தரையின் அடியில் என்ன பசை, என்ன வண்ணம், எந்த மாதம் என்று எழுதி, கீழே மாமா கேட்ட தேதியையும் போட்டேன். அடுத்த ஜூலை.