ஈஸ்ட்டின் விதியை மனித செல்லில் தேடாதீர்கள்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி போன வாரம் கணினியில் ஒரு பட்டியலைக் காட்டினாள். செல் பிரியும் முன் டிஎன்ஏ தன்னைப் படியெடுப்பதுதான் இரட்டிப்பு. மனித டிஎன்ஏவில் அது தொடங்கும் இடங்களாம், இருபதாயிரத்துக்கு மேல். பேக்கரி ஈஸ்ட்டின் அடையாளத் தொடரை வைத்துத் தேடி எடுத்தவை. எனக்குப் பகீரென்றது. அதே பட்டியலை ஒருகாலத்தில் நானும் போட்டிருக்கிறேன். இந்த வேலையில் சறுக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

11 எழுத்தை நம்பி இறங்குவது

பேக்கரி ஈஸ்ட்டில் இரட்டிப்பு தொடங்கும் இடம் கச்சிதமானது. 100, 200 டிஎன்ஏ எழுத்து நீளத்துக்குள் அடங்கிவிடும். அதில் 11 எழுத்துத் தொடர் ஒன்று உண்டு. ஓஆர்சி என்ற ஆறு புரதங்களின் கூட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். மனித ஓஆர்சியோ எழுத்து பார்த்து அமர்வதில்லை.

பிறகு ஏன் ஏமாறுகிறோம்? அந்த 11 எழுத்தில் ஏழுதான் மாறாதவை. மற்ற நான்கு இடங்களிலும் இரண்டு எழுத்துகளில் ஏதாவது ஒன்று வரலாம். இரண்டு இழைகளையும் சேர்த்தால், சுமார் 1,31,000 எழுத்துக்கு ஒருமுறை தற்செயலாகவே தட்டுப்படும். 300 கோடி எழுத்தில் எத்தனை வரும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மனித செல்லில் 30,000 முதல் 50,000 தொடக்க இடங்கள் என்பது வழக்கமான மதிப்பீடு. எண் கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் நம்பிவிடுகிறோம்.

நான் அதோடு நிற்கவில்லை. பட்டியலில் ஒரு துண்டை எடுத்து, ஈஸ்ட்டில் இரட்டிக்கச் சொந்தத் தொடக்க இடம் இல்லாத பிளாஸ்மிடில் (சிறு டிஎன்ஏ வளையம்) ஒட்டி ஈஸ்ட்டுக்குள் செலுத்தினேன். அந்தத் துண்டு இரட்டிப்பைத் தொடங்கி வைத்தால்தான் யுராசில் என்ற சத்து இல்லாத தட்டில் ஈஸ்ட் வளரும். மூன்றாம் நாள் தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் காலனிகள். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஐந்து மாதம் கழித்து மனித செல்லில் அதே இடத்தைச் சோதித்தால் அங்கே எதுவும் தொடங்கவே இல்லை. ஈஸ்ட்டின் அடையாளத்தை வைத்துத் தேர்ந்தெடுத்த துண்டை ஈஸ்ட்டிடமே காட்டி ஒப்புதல் வாங்கியிருக்கிறேன்! இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

ஈஸ்ட்டிலேயே தொடர் பொருந்தும் இடமெல்லாம் வேலை செய்வதில்லை. நியூக்ளியோசோம் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரத உருண்டை) ஒதுங்கிய வெளியும் வேண்டும்.

'பி' பகுதிகளில் ஒன்றை நீக்கிவிட்டு "தேவையில்லை" என்று எழுதுவது

ஏஆர்எஸ்1 என்பது பேக்கரி ஈஸ்ட்டின் தொடக்க இடங்களில் ஒன்று. அதில் 11 எழுத்துத் தொடருக்குத் துணையாக இருப்பவை 'பி' பகுதிகள். ஒன்று போனால் மற்றவை தாங்கும். இரண்டை, மூன்றைச் சேர்த்து நீக்கிப் பாருங்கள்.

"ஈஸ்ட்" என்று பொதுவாகச் சொல்வது

இரண்டாகப் பிளந்து பெருகும் பிளவு ஈஸ்ட்டின் தொடக்க இடங்களுக்கு அப்படியொரு பொதுத் தொடரே கிடையாது.

ஓஆர்சி அமர்ந்ததும் தொடங்கிவிடும் என்று நினைப்பது

இல்லை. டிஎன்ஏ இழைகளைப் பிரிக்கும் எம்சிஎம் என்ற புரதக் கூட்டு ஏற்றப்பட்ட பிறகும் பல இடங்கள் சும்மாவே இருக்கும்.

விலங்குச் செல்லில் ஒற்றைப் புள்ளி தேடுவது

சீன வெள்ளெலியின் டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவை அடுத்து சுமார் 55,000 எழுத்து நீளத்துக்கு ஒரு மண்டலம் இருக்கிறது. அதற்குள் பல இடங்களில் இரட்டிப்பு தொடங்கும். அதில் முக்கியமாகக் கருதப்பட்ட ஓர் இடத்தை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். மிச்சப் பகுதியில் வழக்கம்போல் தொடங்கியது.