பரணில் கூடு கட்டிய அணிலை நோகாமல் வெளியேற்ற

ஓட்டு வீட்டுப் பரணிலோ ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலோ பகலில் பரபரவென்று சத்தம் கேட்டால் அணிலாக இருக்கும். இரவில் கேட்டால் பெரும்பாலும் எலி. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டார்ச்சுடன் ஏறிப் பாருங்கள். வயரின் மேலுறை கடிபட்டிருந்தால் எலக்ட்ரீஷியன் சரிசெய்த பிறகே மின்சாரம் போடுங்கள்.

தேங்காய் நார், பஞ்சு, கிழிந்த துணி எல்லாம் சேர்ந்த உருண்டைதான் கூடு. உள்ளே ரோமமில்லாமல், கண் திறக்காத குட்டிகள் இருந்தால் தொடாதீர்கள். அவை பால்குடி மறக்கச் சுமார் 10 வாரம் ஆகும். அதற்குள் அணில் வந்துபோகும் ஓட்டையை அடைத்தால் குட்டிகள் பசியில் சாகும்; தாய் உள்ளே புக மரச்சட்டத்தையே கடிக்கும். தாயைக் கூண்டில் பிடித்துத் தொலைவில் விடுவதும் குட்டிகளைக் கொல்வதுதான். தயவுசெய்து பொறுத்திருங்கள்.

குட்டிகள் தாமே வெளியே ஓடியாடத் தொடங்கியதும், பகலில் பரணில் விளக்கைப் போட்டு ரேடியோவைப் பாட விடுங்கள். அந்த ஓட்டையில் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகச் செருகுங்கள். மூன்று நாள் கலையாமல் இருந்தால் உள்ளே எதுவும் இல்லை. கலைந்திருந்தால் மறுபடி செருகிப் பாருங்கள்.

அடைப்பதற்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் கம்பி வலையே சரி. ஓட்டையைவிட நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டி, வாஷர் வைத்து ஸ்க்ரூவால் இறுக்குங்கள். நைலான் வலையையும் ஃபோமையும் அணில் எளிதாகக் கடித்துவிடும். எரவாணத்தின் சிறு இடுக்குகளுக்குச் சிமெண்ட் போதும். கூரைப்பக்கம் நீளும் கிளைகளை 6 முதல் 8 அடி இடைவெளி வரும்படி வெட்டிவிடுங்கள்.